வெடிக்க உரிமை பெற்ற பெட்டி

எங்கள் முதலாளி ஆபெலார்தோ படித்தது ஓட்டல் நிர்வாகம். ஆனால் கார்மென் தீவில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மின்பெட்டி செய்து விற்கிறவரை ஓட்டல்காரர் என்று யார் கூப்பிடுவார்கள்? பட்டறையை வாங்கிய முதல் நாளே அவர் இன்ஜினியர் ஆகிவிட்டார். ஒரே மாதத்தில் அது எங்கள் பாஷையில் சுருங்கிச் செல்லமாக ‘இன்ஹே’ ஆனது. எங்கள் ஊரில் பட்டம் வாங்கக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. சட்டை கசங்காமல் இருந்தால் போதும். இருபத்திரண்டு வருஷமாக அதே பட்டறையில் கம்பி இழுத்து, முனை முறுக்கி, சோதனை செய்து கையெழுத்துப் போடுகிற நான் வெறும் ‘தோன்யா நெல்மி’. தோன்யா என்றால் மரியாதை என்பார்கள். வயதாகிவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நாங்கள் செய்யும் பெட்டிகள் கடல் நடுவே எண்ணெய் மேடைகளுக்குப் போகின்றன. அங்கே எந்த நேரமும் எங்கிருந்தாவது கொஞ்சம் வாயு கசிந்துகொண்டுதான் இருக்கும். பம்பை ஓட்டவும் நிறுத்தவும் சுவிட்சு வேண்டும். சுவிட்சு என்றால் உள்ளே பொறி பறக்கும். வாயுவும் பொறியும் சந்தித்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் கனத்த அலுமினிய வார்ப்பில், இருபத்துநான்கு போல்ட் போட்டு மூடுகிற பெட்டி.

இதில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. அந்தப் பெட்டி வாயுவை உள்ளே விடாமல் தடுப்பதற்காகச் செய்தது அல்ல. வாயு எப்படியும் உள்ளே போகும். உள்ளே வெடிக்கும். வெடிக்கட்டும் என்றுதான் பெட்டியே செய்திருக்கிறார்கள். சுவர் அந்த வெடிப்பைத் தாங்க வேண்டும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு இருக்கிறது. தீ அது வழியாக வெளியேறும்போது இரண்டு பக்க உலோகமும் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியே வருவது வெறும் வெதுவெதுப்பான புகை. நல்ல குடும்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை பாத்திரம் பறந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தீ போகக்கூடாது.

இதை நான் இன்ஹேவுக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறேன். மூன்று தடவையும் தலையாட்டினார். நான்காவது நாள் பார்த்தால், ஒரு பெட்டியின் இடுக்கு முழுக்க வெள்ளைப் பசையை அப்பி வைக்கச் சொல்லியிருந்தார்.

"இவ்வளவு விலை குடுத்து வாங்குறாங்க, ஓட்டை இருந்தா நல்லாவா இருக்கும், தோன்யா?"

அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. குளியலறைத் தொட்டிக்கும் மின்பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர், என்ன செய்வது? சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி சிலுவைக் கதைக்கு வருகிறேன்.

மே மூன்றாம் தேதி சிலுவை நாள். கொத்தனார்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் உச்சியில் பூச்சுற்றிய சிலுவை வைப்பார்கள், பாதிரியார் தண்ணீர் தெளிப்பார், முதலாளி எல்லாருக்கும் கறியும் பீரும் வாங்கித் தர வேண்டும். எங்கள் பட்டறை ஆட்கள் கொத்தனார்கள் இல்லைதான். ஆனால் கறி என்று வந்துவிட்டால் யார் விடுவார்கள்? "பெட்டிக்கும் சுவர் இருக்கு, கதவு இருக்கு, அதுவும் கட்டடந்தான்" என்று வாதாடி, எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் கொண்டாடி வருகிறார்கள். பாரம் தூக்கும் உத்தரத்தில் ஒரு மரச்சிலுவையைக் காகிதப் பூவோடு கட்டிவிடுவோம். அதோடு சரி.

அந்த வருஷம் அதோடு சரியாகப் போகவில்லை. எண்ணெய்க் கம்பெனியின் கொள்முதல் பிரிவுத் தலைவர், லிசென்சியாதோ எவேலியோ, விருந்தாளியாக வருவதாகச் சொல்லிவிட்டார். லிசென்சியாதோ என்றால் பட்டதாரி. எதில் பட்டம் என்று கேட்பது மரியாதைக் குறைவு. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் எங்கள் பட்டறைக்கு நாற்பது பெட்டி. போடாவிட்டால் நாங்கள் பூட்டுப் போட வேண்டியதுதான். இன்ஹேவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. புதுச் சட்டை இரண்டு வாங்கினார்.

இரண்டாம் தேதி சாயந்தரம் மேசையில் ஒரு பெட்டி தயாராக இருந்தது. வாயு அழுத்தும் யந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போகிற பெட்டி. நான் இடுக்கை அளந்தேன், இருபத்துநான்கு போல்ட்டையும் முறுக்கிப் பார்த்தேன், கம்பி நுழையும் வாய்களில் மரைச் சுற்றுகளை எண்ணினேன். எல்லாம் சரி. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டு, தாளிலும் பெட்டியிலும் என் முத்திரையை அழுத்தினேன். என் முத்திரை எண் பதினேழு. தாளின் ஒரு பிரதி அப்போதே கம்பெனிக்குப் போய்விட்டது. நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

நிம்மதிக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பெட்டி போகிற மேடையில்தான் என் புருஷன் வில்பெர்த் வேலை செய்கிறான். பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் வீட்டில். அவனுடைய நாற்காலிக்கும் அந்த யந்திரத்துக்கும் நடுவே ஆறு அடி தூரம்.

மறுநாள் காலை போனபோது பட்டறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. மண்ணில் புதைத்துச் சுட்ட பன்றிக்கறி வாசனை வாசல்வரை வந்தது. மேசைமேல் இருந்த பெட்டியை வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். பிணத்தைப் போர்த்தியது போல இருக்கிறதே என்று மனதில் பட்டது. வாயில் கறி எச்சில் ஊறியதில் அதை மறந்துவிட்டேன்.

லிசென்சியாதோ பதினொரு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரை மணிக்கு வந்தார். எவ்வளவு தாமதமோ அவ்வளவு பெரிய ஆள் என்று அர்த்தம். பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபம் சொன்னார். இன்ஹே துணியை இழுத்தார்.

பெட்டியின் மூடியில், பளபளவென்று துருப்பிடிக்காத எஃகில் ஒரு சிலுவை. அதன் காலடியில் ஒரு பித்தளைப் பலகை. ‘லிசென்சியாதோ எவேலியோ அவர்களின் தொலைநோக்கால் உருவானது.’ எல்லாரும் கைதட்டினார்கள். நான் சிலுவையைப் பார்க்கவில்லை. சிலுவையிலும் பலகையிலும் இரண்டிரண்டாக இருந்த போல்ட் தலைகளைப் பார்த்தேன்.

பக்கத்தில் எங்கள் துளைபோடும் ஆள் கஸ்பார் நின்றிருந்தான். மாதா ஊர்வலத்தில் பல்லக்குத் தூக்குகிறவன், வாய் அகலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கஸ்பார், இத ஒட்டினியா, துளைச்சியா?"

"ஒட்டுறதாவது? நீங்கதானே சொல்லுவீங்க, கடல் காத்துல பசை நிக்காதுன்னு. நேத்து நீங்க போனப்புறம் அஞ்சு மில்லி துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இறுக்கிட்டேன். அழகா இல்ல?"

"முழுக்கத் துளைச்சியா? உள்ள வரைக்கும்?"

"அப்பத்தானே பிடிக்கும்!" அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க சொன்னத மறக்கல, தோன்யா. பெட்டிக்குள்ள போற எதுவும் அஞ்சு முழு மரை பிடிக்கணும். எண்ணிப் பாத்தேன். மேல, சிலுவையில, ஒவ்வொண்ணும் ஏழு மரை."

"கீழ? பலகையில?"

"கீழ வந்து… வார்ப்பு அந்த இடத்துல கொஞ்சம் மெலிசு. மூணு. ஆனா பலகைக்குப் பாரமே கிடையாதே!"

அரைகுறையாகப் படித்தவனைவிடப் படிக்காதவன் மேல் என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது. பாடம் சொல்லிக்கொடுத்த பாவி நானே. கடவுளுக்கு ஏழு மரை, லிசென்சியாதோவுக்கு மூன்று. உள்ளே வெடித்தால் முதலில் பறப்பது அந்த இரண்டு போல்ட்டும்தான். அந்த ஓட்டை வழியாகச் சூடு ஆறாத தீ ஆறடி தூரம் நாக்கை நீட்டினால் போதும்.

இன்ஹேவின் முழங்கையைத் தொட்டேன். "இன்ஹே, ஒரு நிமிஷம்."

"சாப்பாட்டுக்கு அப்புறம், தோன்யா. சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க."

அந்தப் போட்டோ இன்னமும் பட்டறை வாசலில் தொங்குகிறது. எல்லாரும் பல்லைக் காட்டுகிறார்கள். நான் மட்டும் பல்வலிக்காரி மாதிரி நிற்கிறேன்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் நான் இருபத்துநான்கு போல்ட்டையும் கழற்றினேன். மூடியைத் திறந்தால், நேற்று நான் துடைத்துத் துடைத்துப் பார்த்த சுவிட்சுகள்மேல் தேங்காய்த் துருவல் போல அலுமினியச் சீவல். முனைகளின் நடுவிலும் கம்பிகளின் இடுக்கிலும் அதேதான். மேலே அர்ச்சிக்கப்பட்ட தண்ணீர் வேறு ரெண்டு சொட்டு வடிந்திருந்தது. மின்சாரம் கொடுத்தால் உடனே பொறி.  

ஒரு கை சீவலை அள்ளிக்கொண்டு போய், இன்ஹேவின் தட்டில், கறிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்க போட்ட துளையோட தூள். உள்ள பூராவும் இருக்கு. பெட்டி செத்துப்போச்சு, இன்ஹே. அனுப்பாதீங்க."

அவர் லிசென்சியாதோ பார்க்காதபடி தட்டின்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதீங்க. துடைச்சு மூடிடுங்க. நாலு சின்னத் துளைக்கு இத்தன ஆர்ப்பாட்டமா?"

"சின்னத் துளை இல்ல. வெறும் பெட்டிய வார்த்து அனுப்புற கம்பெனி குடுத்த சான்று, அவங்க துளைச்ச இடத்துக்கு மட்டுந்தான் செல்லும். நாம வேற இடத்துல துளைச்சா அது வெறும் அலுமினியச் சட்டி. என் கையெழுத்து அதுமேல இருக்கு."

"உங்க கையெழுத்து ரெண்டாம் தேதி. ரெண்டாம் தேதி துளை இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப உங்க மேல பாவமே இல்லையே! நிம்மதியா சாப்பிடுங்க."

பாவமன்னிப்பை இவ்வளவு சுலபமாகப் பாதிரியார்கூடக் கொடுக்க மாட்டார். வக்கீலாகப் போயிருக்க வேண்டிய ஆள் ஓட்டல் படித்துக் கெட்டுப்போனார்.

எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வாளர் மெதீனாவும் விருந்தில் இருந்தார். குறை இருந்தால் பெட்டியை நிறுத்துவதுதான் அவருடைய வேலை, அதற்குத்தான் சம்பளம். அவருக்கு நேரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறை அறிக்கைத் தாளில் அவர் கண்ணெதிரே எழுதினேன். குறை: மூடியில் அனுமதியில்லாத நான்கு துளைகள், உள்ளே உலோகச் சீவல். காரணம்: சிலுவை நாள். பரிகாரம்: பெட்டியை மாற்றவும். கீழே கையெழுத்து, பதினேழு.

மெதீனா வெங்காய ஊறுகாயை மென்றுகொண்டே படித்தார்.

"காரணம்னு சிலுவையப் போட்டிருக்கீங்களே, தோன்யா."

"துளை போட்டது சிலுவைக்குத்தானே?"

"நான் இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? மெதீனா சிலுவையக் குறைன்னு சொன்னான்னு என் மாமியார் சபையில பேசுவாங்க. லிசென்சியாதோ பேர் இருக்கிற பலகையக் குறைன்னு சொன்னான்னு ஆபீஸ்ல பேசுவாங்க. போன வருஷம் குறை எழுதின பையன் இப்ப எங்க இருக்கான்? கிடங்குல ஹெல்மெட் எண்ணிட்டிருக்கான்."

"அப்ப வெடிச்சா?"

"சிலுவை வச்ச பெட்டி எங்கயாவது வெடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, தானே வெட்கப்பட்டவர் போலக் குனிந்து கறியைக் கிளறினார். தாளை மட்டும் வாங்கவில்லை.

நான் துடைக்க மாட்டேன் என்று நின்றேன். கஸ்பார் துடைத்தான், ஊதினான், மூடினான். அவனால் முடிந்ததைப் பக்தியோடு செய்தான். பெட்டி நாலு மணிக்கு லாரியில் ஏறித் துறைமுகக் கிடங்குக்குப் போனது. ஆறாம் தேதி படகு. ஏழாம் தேதி வில்பெர்த்தின் முறை.

ஐந்தாம் தேதி சாயந்தரம் அவன் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் நேராகச் சொல்லிவிட்டேன்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லு. இந்த முறை போகாத."

"ஏன், குண்டு? என்ன ஆச்சு உனக்கு?" அவன் கோபமில்லாமல் கூப்பிடும் பெயர் அதுதான். நான் ஒன்றும் அவ்வளவு குண்டு இல்லை.

சிலுவை, துளை, சீவல் எல்லாம் சொன்னேன். அவன் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"தாள்ல யார் முத்திரை?"

"என்னோடதுதான். ஆனா அது முந்தின நாள்…"

"அங்க ராத்திரி அந்த யந்திரம் கத்துற கத்துல யாரும் தூங்க மாட்டானுங்க. நான் தூங்குவேன். ஏன் தெரியுமா? பெட்டியில பதினேழு இருக்கான்னு பாப்பேன். இருந்தா, என் பொண்டாட்டி பாத்த பெட்டின்னு குறட்டை விடுவேன். பசங்களும் அப்படித்தான். பதினேழு இருக்குப்பா, படுங்கடான்னு சொல்லுவாங்க."

 இன்ஹே சொன்னது நினைவுக்கு வந்தது, உங்கள்மேல் பாவமே இல்லை என்று. அங்கே மேடையில் இத்தனை ஆண்கள் என் முத்திரையை நம்பித் தூங்குகிறார்கள்.

"இந்தப் பதினேழு பொய், வில்பெர்த்."

அவன் மடிப்பதை நிறுத்தினான்.  பிறகு, "நான் ஒருத்தன் போகலன்னா என் இடத்துல வேறொருத்தன் உக்காருவான். அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா" என்றான். அவன் பெரிய தியாகி எல்லாம் இல்லை. ஆனால் அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

ஆறாம் தேதி காலை குறை அறிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். படகுத் தலைவனிடம் நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். வாயிலில் காவலாளி தடுத்தான்.

"ஹெல்மெட்?"

பட்டறை ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஷூ?"

குனிந்து பார்த்தேன். அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பில் வந்திருந்தேன்.

"இரும்பு முனை ஷூ இல்லாம உள்ள விட முடியாது, அம்மா. பாதுகாப்புதான் முதல்ல." மேலே இருந்த பலகையைக் காட்டினான். அதிலும் அதுவே எழுதியிருந்தது.

"தம்பி, அங்க கிரேன்ல தூக்குற பெட்டிக்குள்ள வெடி இருக்கு. அதத்தான் சொல்ல வந்திருக்கேன்."

"அதுக்கு வேற பிரிவு. நான் ஷூ மட்டுந்தான் பாப்பேன்."

கம்பி வேலிக்கு அப்பால், வெயிலில், என் பெட்டி கிரேன் கொக்கியில் ஏறிக்கொண்டிருந்தது. சிலுவை பளிச்சென்று மின்னியது. படகிலிருந்த இரண்டு பேர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கிரேன் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் உழைத்து, கடைசியில் செருப்பால் தோற்கிறேன் என்று அழுகை வந்தது.

அப்போது இன்ஹேவின் வெள்ளை வண்டி வாயில் கம்பத்தை இடித்துக்கொண்டு வந்து நின்றது. ஹெல்மெட் இல்லை, இரும்பு முனை ஷூ இல்லை. பளபளக்கும் தோல் பூட்சோடு இறங்கி ஓடினார். காவலாளி சல்யூட் அடித்தான்.

"நிறுத்துங்க! இறக்குங்க! அந்தப் பெட்டிய இறக்குங்க!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மனசாட்சி உறுத்தியிருக்கிறது, பாவம், தப்பாக நினைத்துவிட்டேனே என்று எண்ணினேன். வேலியருகே அவர் மூச்சு வாங்கி நின்றபோது, "கடவுள் உங்களக் காப்பாத்துவார், இன்ஹே" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"ரேடியோ கேக்கலையா, தோன்யா? காலையில எவேலியோவ வீட்டுலயே வச்சுப் பிடிச்சுட்டாங்க! மச்சினன் பேர்ல ரெண்டு படகாம், மியாமியில வீடாம். அந்தத் திருடன் பேரு என் பெட்டியில தொங்குது! யாராவது போட்டோ எடுத்தா நான் செத்தேன்!"

அப்படியா என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை.  வேலி ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் புருஷனைக் காப்பாற்றியது அந்தச் சிலுவையும் இல்லை, என் கையெழுத்தும் இல்லை. ஒரு திருடன் இன்றைக்கென்று பார்த்து மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அவன் இன்னும் ஒரு வாரம் கெட்டிக்காரனாக இருந்திருந்தால்?

பத்தே நிமிஷத்தில் ஆய்வாளர் மெதீனா வந்து சேர்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்த பெட்டியைச் சுற்றி வந்தார், போல்ட்டுகளைக் கழற்ற வைத்து மரை எண்ணினார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"என்ன அநியாயம் இது! நாலு துளையா! கீழ ரெண்டுல மூணு மரைதான்! ஆபெலார்தோ, இது கொலைங்க, கொலை!"

மூன்றாம் தேதி பன்றிக்கறிக்கு மேல் தெரியாத துளை ஆறாம் தேதி வெறும் வயிற்றில் எப்படித்தான் தெரிந்ததோ.

இன்ஹேவும் சளைத்தவரா? "எங்க பட்டறையில இதெல்லாம் மறைக்கிற பழக்கமே இல்ல, இன்ஸ்பெக்டர். நம்ம தோன்யா மூணாம் தேதியே கண்டுபிடிச்சு அறிக்கை எழுதிட்டாங்க. எங்க, குடுங்க தோன்யா!" வாயில் வழியாகக் கையை நீட்டி என் பையிலிருந்து அவரே உருவினார். மெதீனா பேனாவை எடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதி மே மூன்று என்று போட்டார். கை நடுங்கவில்லை. ‘காரணம்’ என்ற இடத்தில் சிலுவை நாள் என்பதை மட்டும் அடித்துவிட்டு, ‘முன்னாள் அதிகாரியின் தலையீடு’ என்று மாற்றினார். ஜெயிலில் இருக்கிறவன்மேல் எதை வைத்தாலும் தாங்குவான்.

வில்பெர்த் மறுநாள் மேடைக்குப் போனான். புதுப் பெட்டி வராததால் அங்கே பழைய பெட்டியே கிடந்தது. அதில் என் முத்திரை, நிஜமான பதினேழு. அன்றிரவு நானும் நன்றாகத் தூங்கினேன்.

மாதக் கடைசியில், அவன் வீடு திரும்பிய வாரம், இன்ஹே எல்லாரையும் பட்டறை நடுவில் கூட்டினார். கம்பெனியின் புதுத் தலைவர் எங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, இவ்வளவு பொறுப்பான பட்டறையா என்று மெச்சி, நாற்பது பெட்டியையும் எங்களுக்கே கொடுத்துவிட்டாராம். இன்ஹே புதுச் சட்டையில் இருந்தார். கையில் வெல்வெட் சுற்றிய ஒரு பொருள்.

"இந்தப் பட்டறையோட மானத்தக் காப்பாத்தினது யாரு? தோன்யா நெல்மி! அதனால…"

வெல்வெட்டைப் பிரித்தார். பித்தளைப் பலகை. ‘பாதுகாப்பின் காவலர் நெல்மி அவர்களின் விழிப்பால் உருவானது.’ எல்லாரும் கைதட்டினார்கள்.

"ரொம்ப நன்றி, இன்ஹே. என் மேசைக்கு மேல, சுவத்துல மாட்டிக்கிறேன்."

"சுவத்துலயா? அங்க யாரு பாப்பாங்க? நாப்பதுல முதல் பெட்டி உங்க மேசையில தயாரா இருக்குல்ல? அதுமேலதான்! புதுத் தலைவர் வெள்ளிக்கிழமை வராரு."

திரும்பிப் பார்த்தேன். கஸ்பார் ஏற்கெனவே என் பெட்டியின் மூடிமேல் அளவு நாடாவை விரித்து, பென்சிலால் நாலு புள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ கவலையே படாதீங்க, தோன்யா! தடிமனான இடமாப் பாத்துட்டேன். நாலுலயும் ஏழு மரை!"

நான் அவனைத் திட்டவில்லை. இன்ஹேவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தாயிற்று, எழுதிப் பார்த்தாயிற்று, வேலியைப் பிடித்துக் கத்தியும் பார்த்தாயிற்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் வெளியே போனதும், துளை யந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து அதில் இருந்ததையெல்லாம் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கிடங்கில் பிரிக்காமல் இருந்த புது டப்பாவையும் விடவில்லை. கஸ்பார் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒன்றையும் மாதா படத்துக்குப் பின்னால் தேடி எடுத்தேன்.

சாயந்தரம் வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்தபோது கலகலவென்று சத்தம் கேட்டது. வில்பெர்த் வலை ஊஞ்சலிலிருந்து தலையை நீட்டினான்.

"பையில என்ன, குண்டு?"

"அஞ்சு மில்லி துளைமுனை. முப்பத்தாறு."

"எதுக்கு?"

"நீ தூங்கறதுக்கு" என்றேன்.